ஸ்காபரோவில் ஏன் எல்லா வீடும் ஒரே அச்சு?

தம்பி, வந்து மூன்று கிழமைதான் என்கிறீர்கள். "எல்லா வீடும் ஒரே மாதிரி, பஸ் பிடிக்க நடந்தே கால் ஓய்ந்துவிடுகிறது, இதில் எங்கே அறை எடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கனடாவில், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான இந்த ஸ்காபரோவுக்கு நான் வந்தது 1988 மார்கழியில். வந்த கிழமையே வளைந்த தெரு ஒன்றில் அரை மணிநேரம் பனிக்குள் நடந்து, புறப்பட்ட வீட்டு வாசலிலேயே போய் நின்றேன். ஆகையால் உங்கள் எரிச்சல் எனக்குப் புரியும்.

இது மெல்ல மெல்ல வளர்ந்த ஊர் இல்லை. பெரும்பகுதி பண்ணை நிலம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அவசர அவசரமாக வீடுகளாக்கினார்கள். 1951-இல் சுமார் 56,000 பேர் இருந்தார்கள், 1961-இல் 2,17,000. பத்து வருடத்தில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு! அந்த வேகத்தில் கட்டினால் ஒரே வரைபடத்தைத் திரும்பத் திரும்ப எடுக்காமல் என்ன செய்வார்கள்?

எக்ளின்ரன், வார்டன் சந்திப் பக்கம் ஒருதரம் போய்ப் பாருங்கள். போர்க்காலத்தில் அங்கே வெடிமருந்து நிரப்பும் பெரிய தொழிற்சாலை இருந்தது. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். 1948-இல் உள்ளூராட்சி அந்தக் காணியை வாங்கி வேறு தொழிற்சாலைகளை வரவழைத்தது. வீடுகள் மட்டும் பெருகினால் பள்ளிக்கூடத்துக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் வரிப்பணம் போதாது அல்லவா? 'கோல்டன் மைல்' என்று பெயர் வந்தது. 1954-இல் அங்கே பிளாசா திறந்தார்கள். 1959-இல் எலிசபெத் மகாராணி வந்து அதைப் பார்த்தார். கடைத்தொகுதியைப் பார்க்க மகாராணி!

சரி, நடைக்கு வருவோம். லோறன்ஸ், எல்ஸ்மியர் மாதிரிப் பெருந்தெருக்களுக்கு இடையே ஏறக்குறைய 2 கிலோமீற்றர். அவை பழைய பண்ணைக் காணிகளின் எல்லை வீதிகள். நடுவில் உள்ளதை வளைதெருக்களாக வெட்டினார்கள், வீட்டுக்கு வீடு கார் இருக்கும் என்ற நினைப்பில். பஸ்காரரை யாரும் நினைக்கவில்லை. சுரங்க ரயிலே 1968-இல்தான் வார்டனுக்கு வந்தது, கெனடிக்கு 1980-இல். அதற்கப்பால் ஓடிய சின்ன ரயிலும் 2023-இல் தடம்புரண்டதோடு நின்றுபோயிற்று.

அந்தக் காலத்து ஒற்றைத்தள வீட்டுக்கு இங்கே பங்களா என்று பெயர். நம்மூர் பங்களாவை நினைத்து ஏமாறாதீர்கள். பலவற்றில் பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் நேரே பேஸ்மென்ற் படி, அதாவது வீட்டுக்கு அடியில் உள்ள நிலக்கீழ்த் தளத்துக்கு இறங்கும் படி. எங்கள் சனம் குடியேற அது எவ்வளவு வசதியாகப் போயிற்று! ஒரு குடும்பத்துக்கும் ஒரு காருக்கும் கட்டிய வீட்டில் இன்று மூன்று குடும்பம், வாசலில் நான்கு கார்.

அறைக்கு என் யோசனை இதுதான். வாடகை கொஞ்சம் குறைவு என்று வளைதெருவின் உள்மடிப்புக்குள் போகாதீர்கள். பெருந்தெருவை ஒட்டியே பாருங்கள். முற்பணம் கொடுக்க முன் ஒருநாள் விடியக் காலையில், நீங்கள் வேலைக்குப் போகிற நேரத்திலேயே, அந்த வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை நடந்து பாருங்கள். அப்புறம் பேஸ்மென்ற் என்றால் ஜன்னல் வழியாக ஓர் ஆள் வெளியேற முடியுமா, புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். வீட்டுக்காரர் முகம் சுளித்தால் வேறு இடம் தேடுங்கள்.