ஆர்.என்.ஏ.வும் மெக்னீசியமும் – வாசகர் கடிதம்

வணக்கம் சார்,

எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் படிக்கிறேன். ஆர்.என்.ஏ. மடிந்து நிற்க மெக்னீசியம் வேண்டும் என்று பாடத்தில் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். செல்லுக்குள் பொட்டாசியம்தானே ஏராளமாக இருக்கிறது, அதுவும் நேர் அயனிதானே? அப்படியிருக்க ஏன் மெக்னீசியம்? அது ஆர்.என்.ஏ.வில் எங்கே போய் ஒட்டிக்கொள்கிறது?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

பெரும்பாலான மெக்னீசியம் எங்கேயும் ஒட்டிக்கொள்வதில்லை. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஆர்.என்.ஏ. இழையில் பாஸ்பேட்டுக்கு ஒன்று வீதம் எதிர்மின்சுமை வரிசையாக இருக்கிறது. ஈஸ்டின் ஃபினைல்அலனின் டி.ஆர்.என்.ஏ.வில் (புரதம் கட்ட அந்த அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் சிறு ஆர்.என்.ஏ.) 76 நியூக்ளியோடைடுகள், அதாவது இழையின் கண்ணிகள். ஒன்றையொன்று தள்ளும் இத்தனை சுமையோடு அது 'எல்' வடிவில் இறுக மடிய வேண்டும். நேர் அயனிகள் சூழ்ந்துகொள்ளாமல் இது நடக்காது. பொட்டாசியமும் சூழத்தான் செய்கிறது. இரட்டைச் சுருள்கள் உருவாக அதுவே பெரும்பாலும் போதும். அந்தச் சுருள்கள் ஒன்றோடொன்று நெருங்கி முப்பரிமாண உருவம் எடுக்கும்போதுதான் இடநெருக்கடி. இரண்டு சுமையைச் சமன்செய்ய இரண்டு பொட்டாசியம் அங்கே நுழைய வேண்டும், மெக்னீசியம் என்றால் ஒன்றே போதும். ஆளும் சிறியது: ஆரம் 0.72 ஆங்ஸ்ட்ராம், பொட்டாசியம் 1.38.

ஆனால் சிறிய உருவத்தில் இத்தனை சுமை இருப்பதால் மெக்னீசியம் தண்ணீரை லேசில் விடாது. ஆறு தண்ணீர் மூலக்கூறுகளை எண்முகமாகச் சுற்றி வைத்துக்கொண்டேதான் வரும். பொட்டாசியத்தின் தண்ணீர் ஒரு நானோவினாடிக்குள் மாறிவிடும், இதற்கு மைக்ரோவினாடிகள் ஆகும். அதனால் பெரும்பாலானவை மேகம்போல ஆர்.என்.ஏ.வைச் சுற்றி அலைகின்றன. சில, தங்கள் தண்ணீர் வழியாக ஹைட்ரஜன் பிணைப்பு போட்டு நிற்கின்றன. வெகு சிலவே ஒன்றிரண்டு தண்ணீரைக் கழற்றிவிட்டு பாஸ்பேட்டின் ஆக்சிஜனை நேராகப் பிடிக்கின்றன.

அந்த வெகு சிலதைப் பார்க்க டெட்ராஹைமினா என்ற ஒருசெல் உயிரியின் இன்ட்ரானுக்கு (ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டி நீக்கப்படும் பகுதி) போக வேண்டும். அதன் 160 நியூக்ளியோடைடு துண்டு ஒன்றின் படிக அமைப்பை ஜேமி கேட், ஜெனிஃபர் டௌட்னா குழுவினர் 1996-இல் வெளியிட்டார்கள். அதில் அடினின் மிகுந்த ஒரு புடைப்பு இருக்கிறது. அங்கே இழை தக்கைத் திருகிபோல முறுக்கிக்கொண்டு, பாஸ்பேட்டுகள் உள்ளேயும் காரங்கள் (அடினின் போன்ற ஆர்.என்.ஏ. எழுத்துகள்) வெளியேயுமாகத் திரும்பி நிற்கிறது. மெக்னீசியம் அயனிகள் நடுவில் உட்கார்ந்து பாஸ்பேட்டுகளைப் பிடித்திராவிட்டால் இப்படி ஓர் அமைப்பு நிற்கவே முடியாது. பாடப்புத்தகம் இந்தப் படத்தையாவது போட்டிருக்கலாம்.

ஆர்.என்.ஏ. இழையை வெட்டும் ஆர்.என்.ஏஸ் பி நொதியின் கதையும் உங்களுக்குப் பிடிக்கும். செல்லில் அது ஆர்.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்தது. மெக்னீசியத்தின் அளவைக் கூட்டினால் புரதமே இல்லாமல் ஆர்.என்.ஏ. மட்டும் வெட்டும் வேலையைச் செய்கிறது என்று 1983-இல் காட்டினார்கள். சிட்னி ஆல்ட்மன், தாமஸ் செக்கோடு 1989-இல் நோபலைப் பகிர்ந்துகொண்டதற்கு இந்த வேலையும் காரணம்.

அப்புறம், லேபில் ஒரு எச்சரிக்கை. மெக்னீசியத்தோடு ஆர்.என்.ஏ.வைச் சூடாக்கினால் இழையே அறுந்துபோகும். சேமித்து வைக்கும் கரைசலில், மெக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. போடுவது இதனால்தான்.

சோதனைக் குழாயில் 10 மில்லிமோலார் மெக்னீசியம் போடுவது வழக்கம். செல்லிலோ பெரும்பகுதி ஏ.டி.பி.யிடமும் (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) ரைபோசோமிடமும் (புரதம் கட்டும் அமைப்பு) சிக்கிக் கிடக்கிறது. தனியாகத் திரிவது சுமார் 1 மில்லிமோலார்தான். ஆகவே குழாயில் அழகாக மடிந்த ஒன்று செல்லிலும் அப்படியே மடியும் என்று ப்ராஜெக்ட் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்.