மீதி 83 படிவத்தை நானே நிரப்பலாமா?

கேள்வி: அம்மா, நான் எம்.பி.ஏ. கடைசி செமஸ்டர். அப்பா லாரி டிரைவர், வீட்டில் காலேஜ் போன முதல் ஆள் நான்தான். கப்பலூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ‘ஊழியர் மனநிறைவு’ பற்றி ப்ராஜெக்ட் செய்தேன். 120 பேரிடம் படிவம் வாங்கவேண்டும். 37 வந்ததும், ‘இனி உள்ளே வரவேண்டாம்’ என்று எச்.ஆர். சொல்லிவிட்டார். மீதியை ஒரே ராத்திரியில் நாமே நிரப்பிவிடலாம் என்கிறாள் தோழி. பிரவுசிங் சென்டரில் முழு ப்ராஜெக்ட்டையும் பணத்துக்குத் தருகிறார்களாம். அத்தை சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறார். அங்கே செய்யலாமா என்றால், ‘சொந்தக்காரங்க கடையெல்லாம் ஸ்டாண்டர்டா இருக்காது’ என்கிறார் கைடு. ஏழு வாரம்தான் இருக்கிறது. என்ன செய்ய? – பெயர் வேண்டாம், வில்லாபுரம், மதுரை.

பதில்: மகளே, முதலில் அந்த 83-ஐ முடித்துவிடுவோம். நிரப்பாதே. பாவ புண்ணியம் ஒருபக்கம் இருக்கட்டும், அது மாட்டிக்கொள்கிற வேலை. உண்மையான ஆள் சம்பளக் கட்டத்தை வெறுமனே விட்டுவிடுவான், ஒரே கேள்விக்கு இரண்டு டிக் போடுவான், எட்டாவது கேள்வியில் சலித்துப்போய்க் கடைசிவரை ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்றே இழுத்துவிடுவான். ராத்திரி உட்கார்ந்து நிரப்புகிறவள் ஒன்றையும் விடாமல் அழகாக 3, 4, 4, 3 என்று போடுவாள். கண்டபடி டிக் போட்டால், புள்ளிவிவரக் கணக்குப் போடும் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில், பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் கிரான்பாக் ஆல்ஃபா எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரு படிவம் முழுக்க 4, இன்னொன்று முழுக்க 3 என்று ஒரே மாதிரி போட்டால், ஒன்றைத் தொடும் அளவுக்கு 0.98 போல வரும். இரண்டையும் பார்த்ததுமே, வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வரும் வெளி எக்ஸாமினர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார்.

பிரவுசிங் சென்டர் சரக்கு இன்னும் மோசம். சென்னைக்கும் கோவைக்கும் விற்ற அதே ப்ராஜெக்ட்டில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஸ்பைரல் பைண்டிங் போட்டுத் தருவார்கள். பிறர் எழுதியதோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தி எழுதவேண்டும், 40-ஐத் தாண்டினால் ஓராண்டு மறுபடி சமர்ப்பிக்க முடியாது, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து என்று யு.ஜி.சி.யின் 2018 விதிமுறை சொல்கிறது. அப்பா லாரி ஓட்டிக் கட்டிய ஃபீஸ் அது.

இப்போது அத்தை கடைக்கு வருவோம். உன் கைடு பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ‘சுங்குடிச் சேலை வாடிக்கையாளர் மனநிறைவு – ஒரு ஆய்வு’ என்று கொண்டுபோனால், அத்தை கடையில் அத்தை வாடிக்கையாளர்கள் அத்தையை நல்லவர் என்று சொன்னார்கள், அவ்வளவுதான் தேறும். கோளாறு கடையில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. அதை மாற்று.

அந்தத் தொழிலின் நிஜமான வலி உன் அத்தைக்குத் தெரியும். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டு, சாயத்தில் நனைத்து, பிரித்தெடுத்த சேலைதான் பழைய சுங்குடி. 2005-இல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. ஆனால் கடையில் அடுக்கியிருப்பதில் பெரும்பாலானது மெழுகு அச்சிலோ ஸ்கிரீன் பிரிண்ட்டிலோ புள்ளி விழுந்தது. கைமுடிச்சுக்கு ஆகும் கூலியை விலையில் ஏற்றினால் ஆள் வாங்குவாரா? வாங்குகிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசமாவது தெரியுமா? வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகக் கொடுப்பாரா? இது அசல் மேனேஜ்மென்ட் கேள்வி. இதற்கு எந்த எச்.ஆர். அனுமதியும் வேண்டாம்.

செய்முறையும் எளிதுதான். ஒரே நிறத்தில் கைமுடிச்சுச் சேலை ஒன்று, அச்சுச் சேலை ஒன்று. விலைச்சீட்டைக் கழற்றிவிடு. ‘இதில் கைமுடிச்சு எது? இதுக்கு எவ்வளவு கொடுப்பீங்க, அதுக்கு எவ்வளவு கொடுப்பீங்க?’ என்று கேட்டுக் குறித்துக்கொள். பிறகு முடிச்சுப் புள்ளி ஒன்றுபோல் ஒன்று இராது, அச்சுப் புள்ளி அளவெடுத்தாற்போல் இருக்கும் என்று தொட்டுக் காட்டிவிட்டு, கைமுடிச்சுக்கு மட்டும் மறுபடி விலை கேள். முன்பு 700 என்றவர் பின்பு 950 என்றால் அந்த 250-தான் உன் ப்ராஜெக்ட்.

எத்தனை பேர்? 120 என்பது உங்கள் காலேஜ் வழக்கம், அவ்வளவுதான். ஆய்வு முறைப் புத்தகத்தில் ‘384 பேர் வேண்டும்’ என்று பார்ப்பாய், அது வேறு கணக்கு: பெரிய மக்கள்தொகையில் குலுக்கல் முறையில் ஆள் எடுத்து, 95 சதவீத நம்பிக்கையோடு, 5 சதவீதம் முன்னே பின்னே ஒரு விகிதத்தைச் சொல்ல வருவது. கடை வாசலில் கிடைத்தவரை நிறுத்திக் கேட்டால் அது பொருந்தாது. ஒரே ஆளை முன்னும் பின்னும் ஒப்பிடும் பெயர்டு டி-டெஸ்ட்டில், நடுத்தர அளவு வித்தியாசத்தைப் பிடிக்க 34 பேர் போதும் (இல்லாத வித்தியாசத்தை இருக்கிறது என்று சொல்லிவிடும் வாய்ப்பு 5 சதவீதம், இருக்கிற வித்தியாசத்தைப் பிடித்துவிடும் வாய்ப்பு 80 சதவீதம்). நீ 60 பேரைக் கேள். ஒன்று கவனி: இரண்டில் ஒன்றைக் காட்டச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு காட்டினாலே 30 பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அது தற்செயல் இல்லை என்று காட்ட 39, 40 பேராவது சரியாகச் சொன்னால்தான் ‘மக்களுக்கு அடையாளம் தெரிகிறது’ என்று எழுத உனக்கு உரிமை.

ஓட்டைகளையும் நீயே எழுதிவிடு. நீ விளக்கிச் சொன்ன பிறகு, உன் மனம் கோணக்கூடாது என்று சிலர் விலையை ஏற்றிச் சொல்வார்கள். வாயால் சொல்லும் விலை, பையிலிருந்து எடுக்கும் காசு ஆகாது. சுங்குடிக் கடைக்கு வருகிறவர் ஏற்கெனவே சுங்குடி பிடித்தவர். அதனால் பாதிப் பேரைக் கடைக்கு வெளியே, உங்கள் தெருவிலோ காலேஜ் ஆபீஸ் ஊழியர்களிடமோ கேள். கேட்கும்போது அத்தை பக்கத்தில் நிற்கக்கூடாது. இதில் கறாராக இரு.

(கேரட் ரேங்கிங், அதாவது பலர் வரிசைப்படுத்திச் சொன்னதை மதிப்பெண்ணாக்கும் கேரட் (Garrett) முறை, சேர்க்கலாமா என்று யாராவது கேட்பார்கள். நம் பக்கத்து எம்.பி.ஏ. ப்ராஜெக்ட்டில் அது இல்லாவிட்டால் தெய்வக்குற்றம் போல நினைக்கிறார்கள். உன் கேள்வியில் வரிசைப்படுத்த எதுவுமில்லை, வேண்டாம்.)

வாரக் கணக்கெல்லாம் நான் போட்டுத்தரவில்லை. செய்முறை அத்தியாயத்தை மட்டும் இந்த வாரமே எழுதிவிடு. முன்னாய்வுகளுக்கு, கைத்தறி விலை பற்றியும் புவிசார் குறியீடு பற்றியும் நீயே படித்த பத்துப் பதினைந்து கட்டுரை போதும்.

கைடிடம் ‘சார், அந்தக் கம்பெனி விடலை’ என்று வெறுங்கையோடு போகாதே. கேள்வி, இரண்டு சேலை, 60 பேர், எந்த டெஸ்ட் என்று ஒரே பக்கத்தில் எழுதி, தலைப்பு மாற்ற அனுமதி கேட்டுத் துறைத் தலைவருக்கு (எச்.ஓ.டி.) ஒரு கடிதமும் வைத்துக்கொண்டு போ. ‘கடை இடம் மட்டும்தான் சார், வாங்குறவங்களைத்தான் ஆய்வு பண்றேன்’ என்று சொல். முடிந்தால் அந்த இரண்டு சேலையையும் எடுத்துக்கொண்டு போய், அவரையே எது கைமுடிச்சு என்று கேட்டுப் பார்.

கடைசியாக, வந்த 37 படிவம். மேலதிகாரி பற்றி அதில் அந்த ஊழியர்கள் என்னென்னவோ எழுதியிருப்பார்கள். கம்பெனியிலிருந்து யாராவது கேட்டாலும் கொடுக்காதே, வாட்ஸ்அப்பில் போட்டோகூட அனுப்பாதே. கிழித்துப் போட்டுவிடு.