பரணிலிருந்து இறக்கியவை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாமியார் காலத்து ஈயச் செம்பு ஒன்று இருக்கிறது. ரசம் வைக்க ஆசை. ஆனால் வெள்ளீயம்தானா, காரீயம் கலந்ததா என்று பயமாக இருக்கிறது. அடியில் ஊசி முனை அளவுக்கு ஓட்டையும் இருக்கிறது. பற்ற வைத்துப் பயன்படுத்தலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஓட்டையை அப்புறம் பார்ப்போம், முதலில் உலோகம். சமையலறை எலக்ட்ரானிக் தராசில் செம்பை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். செம்பு முழுகும் அளவுள்ள பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்குங்கள். பிறகு செம்பை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் இடிக்காமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். உள்ளே காற்றுக் குமிழி தங்கக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் செம்பின் எடையை வகுக்க வேண்டும். செம்பு 730 கிராம், தராசு காட்டுவது 100 என்றால் விடை 7.3. அதுதான் வெள்ளீயத்தின் அடர்த்தி. காரீயத்துக்கு 11.3. விடை 8-ஐத் தாண்டினால் அந்தச் செம்பை அடுப்பில் ஏற்றாதீர்கள். புளி, மோர் ஊற்றி வைக்கவும் கூடாது. புளிப்பில் காரீயம் கரையும்.

7.3 வந்தாலும் உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். பத்தில் ஒரு பங்கு காரீயம் கலந்திருந்தால்கூட விடை 7.6-க்குப் பக்கத்தில்தான் வரும். அந்த வித்தியாசம் வீட்டுத் தராசின் பிழைக்குள் ஒளிந்துகொள்ளும். கெட்டதைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனை உதவும், நல்லது என்று சான்று தராது. சந்தேகம் தீர வேண்டுமானால், நகைத் தரம் பார்க்கும் எக்ஸ்ரே கருவி உள்ள இடத்தில் கேளுங்கள். அந்தக் கருவி வெள்ளீயம், காரீயம் இரண்டையும் காட்டுமா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். தங்கத்துக்கு மட்டும் அமைத்து வைத்திருந்தால் அது காட்டும் கணக்கு நமக்கு உதவாது.

ஓட்டைக்கு ரேடியோ ரிப்பேர் கடைப் பற்றாசு வேண்டவே வேண்டாம். வழக்கமாகக் கிடைக்கும் பற்றாசுக் கம்பியில் நூற்றுக்கு நாற்பது காரீயம். நல்ல செம்பைக் கொண்டுபோய் நாமே கெடுத்ததாகிவிடும். காரீயமே இல்லாத சுத்த வெள்ளீயத்தால் அடைக்கத் தெரிந்தவர் கிடைத்தால் செய்யலாம். இல்லையென்றால் அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம். எடைக்குப் போட்டுப் புதிது வாங்கச் சொல்வார்கள், மாமியார் கை பட்ட செம்பு அதோடு போய்விடும்.

அடைத்த பிறகு சமைக்கும் முறை: வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். தண்ணீர் இருக்கும் வரை உலோகம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், ஆபத்தில்லை. அதனால் புளித் தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்ற வையுங்கள். தீ அடிப்பக்கத்தைத் தாண்டி மேலே ஏறக் கூடாது. நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். தாளிப்பதை மட்டும் இரும்புக் கரண்டியில் தனியாகச் செய்து கொட்டுங்கள். கடுகு வெடிக்கும் எண்ணெயின் சூட்டுக்கும் ஈயம் உருகும் சூட்டுக்கும் இடைவெளி அதிகமில்லை.

கேள்வி: நாச்சியார்கோவில் குத்துவிளக்கு. தண்டும் தட்டும் பல வருஷமாகக் கழற்றாமல் இறுகிவிட்டன. சுத்தியலால் தட்டலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கூடாது. வார்ப்புப் பித்தளை மரை இருக்கும் இடத்தில்தான் ஒடியும். உள்ளே காய்ந்த எண்ணெய் பிசினாகி, அதன் மேல் களிம்பும் ஏறியிருக்கும். வெந்நீரில் நனைத்த துணியை மரையின் வெளிப்பகுதியில் மட்டும் சுற்றி, ஆற ஆற மாற்றி, கால் மணி நேரம் வைத்திருங்கள். வெளிப்பகுதி சூட்டில் சற்றே விரியும். உடனே சைக்கிள் ட்யூப் துண்டை இரண்டு பக்கமும் சுற்றிப் பிடித்து இடப்பக்கமாகத் திருகுங்கள். வராவிட்டால் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, மறுநாள் திரும்பச் செய்யுங்கள். கழன்ற பிறகு மரையில் விளக்கெண்ணெய்க்குப் பதில் துளி வாசலின் தடவினால் மறுபடி இறுகாது. ஒரு எச்சரிக்கை: புளியும் உப்பும் தேய்த்து ஐந்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, விளக்கு ரோஜா நிறத்துக்குத் திரும்பிவிடும். அதைத் தேய்த்து மறைக்க முடியாது.

கேள்வி: பேத்தியுடன் சேர்ந்து வீட்டிலேயே தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி ஒன்று செய்ய வேண்டும். தள்ளினால் எழுந்து நிற்கும் வகை. எங்கள் முதல் பொம்மை சாய்ந்தபடியே கிடக்கிறது.
– வாசகி, திருவையாறு

பதில்: பெரும்பாலும் கோளாறு அடியில் வைத்த களிமண்ணில்தான் இருக்கும். அதுவரை உள்ள வேலை சுலபம். 10 செ.மீ. விட்டமுள்ள ரப்பர் பந்தின் கீழ்ப்பாதியில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். 50 கிராம் மைதாவை 300 மி.லி. தண்ணீரில் காய்ச்சி, ஆறியதும் இரண்டு தேக்கரண்டி ஃபெவிக்கால் கலந்தால் பசை தயார். செய்தித்தாளை 2 செ.மீ. அகலப் பட்டைகளாகக் கையால் கிழியுங்கள். கத்தரித்த ஓரம் தடித்து நிற்கும், கிழித்த ஓரம் படிந்துவிடும். எட்டு அடுக்கு ஒட்ட வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். அவசரப்பட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது உத்தமம்.

கிண்ணம் காய்ந்து பந்திலிருந்து கழன்றதும் உள்ளே 200 கிராம் களிமண் வையுங்கள். நம் ஆற்று வண்டல் காயும்போது நன்றாகச் சுருங்கும். சுருங்கிய கட்டி கிண்ணத்தை விட்டு நகர்ந்து ஒரு பக்கம் ஒதுங்கினால் பொம்மை அந்தப் பக்கமே சாயும். அதனால் மூன்றில் ஒரு பங்கு மணல் கலந்து பிசையுங்கள். ஈரமாக இருக்கும்போதே கிண்ணத்தைத் தரையில் விட்டு, விளிம்பு மட்டமாக நிற்கும்வரை மண்ணை நகர்த்திச் சரிசெய்யுங்கள். நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகு, சுற்றி விழுந்த இடைவெளியில் ஃபெவிக்கால் ஊற்றி, மண்ணின் மேல் இரண்டு அடுக்குக் காகிதம் ஒட்டிப் பூட்டிவிடுங்கள்.

உடம்புக்கு சார்ட் பேப்பரில் 9 செ.மீ. உயரக் கூம்பு, தலைக்கு டேபிள் டென்னிஸ் பந்து. அந்தப் பந்து மூன்று கிராம்கூட இருக்காது, அதனால்தான் அது. தலையைக் களிமண்ணில் செய்தால் பொம்மை எழவே எழாது. மேல்பாதி மொத்தமும் 60 கிராமுக்குள் இருக்கட்டும். நிரந்தரமாக ஒட்டுவதற்கு முன் டேப் போட்டுத் தள்ளிப் பாருங்கள். படுத்தே கிடந்தால் மேலே கனம். எழுந்து படபடவென்று ஆடி உடனே நின்றுவிட்டால் அடியில் கனம் அதிகம், அடுத்த பொம்மைக்கு 150 கிராம் போதும். ஒரு திசையில் மட்டும் தயங்கினால் அடியில் மேடு இருக்கிறது, 120-ஆம் எண் உப்புத்தாளால் தேயுங்கள்.

மேலே சுண்ணக்கட்டித் தூளும் ஃபெவிக்காலும் தண்ணீரில் குழைத்து இரண்டு பூச்சு, அதன்மேல் அக்ரிலிக் வண்ணம். போஸ்டர் கலர் அடித்து வார்னிஷ் பூசினால், அது தண்ணீர் கலந்த வார்னிஷாக இருக்கும்பட்சத்தில், ராஜாவின் மீசை கன்னத்துக்கு இறங்கிவிடும்.

கேள்வி: தாத்தா வாங்கிய தஞ்சாவூர் ஓவியம், நவநீத கிருஷ்ணன். தங்கம் கறுத்திருக்கிறது, இரண்டு கல் உதிர்ந்துவிட்டது. சரபோஜி காலத்தது என்று சொல்கிறார்கள். சுத்தம் செய்து சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குக் கொடுத்தனுப்பலாமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: ஈரத் துணி படவே கூடாது. பலகையில் துணி ஒட்டி, அதன் மேல் சுண்ணத் தூளையும் புளியங்கொட்டைப் பசையையும் குழைத்துத்தான் அந்த மேடுகளை எழுப்புவார்கள். அந்தப் பசை தண்ணீரில் இளகும். எலுமிச்சை, பற்பசை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் படத்தை அணில் முடித் தூரிகையால் தூசி மட்டும் தட்டுங்கள், அதுவும் பூச்சு எங்கும் தூக்கி நிற்காவிட்டால்தான். உதிர்ந்த கற்களை, எந்த இடம் என்று எழுதிய உறையில் போட்டு வையுங்கள்.

உண்மைத் தங்கம் கறுக்காது. கறுப்பு எங்கும் ஒரே மாதிரி படர்ந்திருந்தால் விளக்குப் புகையாக இருக்கலாம். திட்டுத் திட்டாகப் பச்சையோ பழுப்போ தெரிந்தால் செம்பு கலந்த போலித் தகடு. இரண்டாம் சரபோஜி ஆண்டது 1798 முதல் 1832 வரை. ஓவியத்தின் பலகையே பிளைவுட் என்றால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் சட்டத்தின் பின்மூடியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதைப் பிற்பாடு மாற்றியிருப்பார்கள்.

நூறு ஆண்டு கடந்ததாக இருந்தால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. புதியதுதான் என்றால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முதலில் வாங்குங்கள். விமான நிலையத்தில் வாதாடிப் பயனில்லை. அதுவரை வெளிச்சுவரில் மாட்டாமல், சட்டத்தின் நான்கு மூலையிலும் பின்பக்கம் கார்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் அரை அங்குலக் காற்று விடுங்கள்.

கேள்வி: அம்மாவின் திருபுவனம் பட்டுப் புடவை மடிப்பில் இற்றுப்போயிருக்கிறது. பேத்திக்குப் பாவாடை தைக்கலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: மடிப்பை விட்டுத் தள்ளி ஓரிடத்தில் இரண்டு கட்டைவிரலாலும் லேசாக இழுத்துப் பாருங்கள். இழை விலகினால் பாவாடை வேண்டாம், குழந்தை உட்காரும்போதே கிழியும். முந்தானையும் கரையும் பெரும்பாலும் திடமாக இருக்கும். அவற்றை மட்டும் வெட்டி, துவைத்துச் சுருங்கிய மல் துணியில் கைத்தையலாக வைத்துத் தைத்தால் சுருக்குப்பையும் தாம்பூலத் தட்டுக்கு மூடுதுணியும் கிடைக்கும். மிஷின் ஊசி பழைய பட்டை வரிசையாகத் துளைத்துவிடும், அந்த வரியிலேயே பிளக்கும். புதுப் பாவாடைக்கு அந்தக் கரையை அடியில் ஒட்டுக்கரையாகவும் வைக்கலாம்.