அறை ஒதுக்கும் உரிமை

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாணவர் விடுதிகளின் தன்னாட்சியை ஆதரித்து நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான்காண்டுகளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும் மாணவர்களுக்கு ஒரு கட்டடத்தை ஆளும் உரிமை எங்கிருந்து வருகிறது? விபத்து நேர்ந்தால் பதில் சொல்லப்போவது பல்கலைக்கழகம்தானே? காப்பாளரின் கண்டிப்பிலிருந்து தப்பிக்க இளைஞர்கள் சூட்டிக்கொள்ளும் கௌரவமான பெயர்தான் விடுதி மன்றம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ம.

அன்புள்ள ம.,

கியோட்டோ பல்கலைக்கழகத்தின் யோஷிதா விடுதியை எடுத்துக்கொள்வோம். 1913இல் எழுந்த மரக்கட்டடம் அது. ஜப்பானில் இன்றும் எஞ்சியிருக்கும் மாணவர் விடுதிகளில் மிகப் பழையது. யாரைச் சேர்ப்பது, யாருக்கு எந்த அறை, துப்புரவு வேலை யாருடையது என்பதையெல்லாம் அங்கே குடியிருந்தவர்களே கூடிப் பேசி, பெரும்பான்மை வாக்கால் அல்லாமல் எல்லோரும் இணங்கும் வரை விவாதித்து, முடிவு செய்துவந்தார்கள். மூத்தவரிடம் இளையவர் மரியாதை மொழியில் பேச வேண்டியதில்லை என்பதும் அங்கே வழக்கம். ஜப்பானிய மொழியின் படிநிலைகளை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மீறல் என்பது புரியும். இரவு நெடுநேரம் நீளும் அந்தக் கூட்டங்களை நினைத்தால் எனக்கே சலிப்பாக இருக்கிறது. கண்டிப்பிலிருந்து தப்பிக்க விரும்புகிறவன் இவ்வளவு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள மாட்டான்.

2017 டிசம்பரில், கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்காது என்ற காரணத்தைச் சொல்லி, அடுத்த செப்டம்பருக்குள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று நிர்வாகம் அறிவித்தது. கட்டடத்தைச் செப்பனிடுங்கள் என்று மாணவர்கள் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கேட்டுவந்தார்கள். அந்த அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது: புதியவர்களை இனிச் சேர்க்கக் கூடாது. நீங்கள் சொல்லும் நான்காண்டுக் கணக்கு நிர்வாகத்துக்கும் தெரியும். சேர்க்கையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் போதும், பட்டம் வாங்கி ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள். காவலரை அழைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே, எதிர்ப்பின் மையம் ஊர்வலத்திலும் முழக்கத்திலும் அல்ல, புதியவருக்கு அறை ஒதுக்கும் உரிமையில் இருக்கிறது.

நிர்வாகம் 2019இல் வழக்குத் தொடுத்தது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்த மாவட்ட நீதிமன்றம், வழக்கில் இருந்த 17 பேரில் 14 பேரை வெளியேற்ற முடியாது என்றது. மேல்முறையீட்டில், 2025இல், இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன.

விபத்துக்கு வருகிறேன். கூரையும் தூண்களும் உரிமையாளரின் பொறுப்பு. தீயணைப்பான் இருக்கிறதா, இரவில் யார் காய்ச்சலில் கிடக்கிறார் என்பது அங்கே வசிப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். இந்தப் பங்கீட்டை இரு தரப்பும் எழுத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் அச்சத்தின் பெரும்பகுதி தீரும். வாசலில் முழங்கிவிட்டு மெஸ் கணக்கை ஒப்படைக்காத மன்றங்களும், மூத்தவர்களின் அடாவடிக்குத் திரையாக நிற்கும் மன்றங்களும் உண்டு. அவற்றுக்கு உங்கள் கண்டனம் முழுக்கப் பொருந்தும்.