பிள்ளைகளும் பைண்டரும்: உங்கள் கேள்விகள்

14 வயது மகளின் அலமாரியில் பைண்டர் (மார்பு தட்டையாகத் தெரிய இறுக்கமாகப் போடும் உள்ளாடை) இருந்தது. தூக்கி எறிந்துவிடவா?

வேண்டாம். எறிந்தால் அடுத்து எலாஸ்டிக் பேண்டேஜோ டேப்போதான் வரும். பேண்டேஜ் அசைய அசைய இறுகும், டேப்பை உரித்தால் தோலும் கூடவே வரும். முதலில் "வலிக்குதா, எவ்வளவு நேரம் போடுறே?" என்று கேளுங்கள். மற்ற பேச்செல்லாம் அப்புறம்.

எத்தனை மணி நேரம் போடலாம்?

பெரியவர்களுக்கு வழக்கமாகச் சொல்வது 8 மணி நேரம், அதுவும் உச்சவரம்பு. வளர்கிற உடம்புக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்தாதீர்கள். தூங்கும்போதும் விளையாடும்போதும் போடவே கூடாது.

மூச்சு வாங்குகிறது, பரவாயில்லையா?

வயதும் எழுதவில்லை, எத்தனை நாளாக என்றும் எழுதவில்லை. உடனே கழற்றிவிட்டு டாக்டரிடம் போங்கள். இதற்கெல்லாமா கடிதம் போட்டுவிட்டுக் காத்திருப்பது?

கடையில் வாங்கிய நல்ல பைண்டர் என்றால் ஆபத்தில்லைதானே?

அப்படி இல்லை. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் மார்பை இறுக்கிக் கட்டிய சுமார் 1,800 பேரைக் கேட்டார்கள், எல்லோரும் பெரியவர்கள். 100க்கு 97 பேருக்கு முதுகுவலி, உடல்சூடு, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று ஏதாவது ஒரு தொந்தரவு இருந்திருக்கிறது, கடையில் வாங்கிப் போட்டவர்களும் அதில் உண்டு. மனதுக்கு நிம்மதி கிடைத்தது என்றும் பலர் சொன்னார்கள், அதை மறைக்க மாட்டேன். வாரத்தில் போடும் நாள் கூடக் கூடத் தொந்தரவும் கூடியது, அதனால் நடுவில் போடாத நாட்கள் கட்டாயம் வேண்டும்.

தன்னார்வலராக இருக்கிறேன். 13 வயதுப் பிள்ளை கெஞ்சியதால், வீட்டுக்குத் தெரியாமல் வாங்கி அனுப்பினேன். தவறா?

தவறுதான். எத்தனை தடவை பதில் எழுதினாலும் இந்த மாதிரிக் கடிதம் வருவது மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. உங்கள் மனசு நல்லதாகவே இருக்கட்டும், ஆனால் அளவெடுக்காமல், ஆஸ்துமா இருக்கிறதா, முதுகு வளைவு இருக்கிறதா என்று கேட்காமல் அனுப்பியிருக்கிறீர்கள், நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு நெஞ்சு வலித்தால் ரகசியம் உடைந்துவிடுமே என்று வாயைத் திறக்காது. அதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. பெரியவர் ஒருவர் "வீட்டில் சொல்லாதே" என்று சொல்வதை இயல்பாக எடுத்துக்கொள்ள அந்தப் பிள்ளைக்குப் பழக்கிவிட்டீர்கள், கெட்ட எண்ணத்தோடு வருகிறவனும் இதே வார்த்தையைத்தான் சொல்லுவான். வீட்டில் சொன்னால் அடி விழும் என்ற நிலை இருந்தால், அதுவே தனியாகப் புகார் செய்ய வேண்டிய விஷயம். உங்கள் அமைப்பில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், நீங்கள் அனுப்பியதையும் சேர்த்து.

பதிலாக ஸ்போர்ட்ஸ் பிரா?

சரியான அளவில் ஒன்று போதும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டால் அதுவும் பைண்டர்தான்.