காய்ச்சலோடு காதும் மந்தமானால்: டாக்டர் பதில்கள்

கேள்வி: எங்கள் அம்மிச்சிக்கு 64 வயதுங்க. மஞ்சள் காட்டில் களை வெட்டப் போவார். ஒரு வாரம் காய்ச்சல், ஊசி போட்டும் நிற்கவில்லை. அப்புறம் தலைவலி, வாந்தி, காது மந்தம், கடைசியில் ஆள் தெரியாமல் உளறல். ஈரோட்டில் சேர்த்தோம். உண்ணிக்காய்ச்சல் மூளை வரை போய்விட்டது என்று முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். இப்போது நினைவு திரும்பி வீட்டில் இருக்கிறார், காது மட்டும் சரியாகக் கேட்கவில்லை. நீர் எடுத்ததால்தான் இப்படி என்கிறார்கள் சொந்தக்காரர்கள். உண்மையா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இல்லைங்க. நீர் எடுப்பதற்கு முன்பே காது மந்தமாகிவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி போகிறது, அதனால் கால் விழுந்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினாலும் நம்பாதீர்கள். இந்தப் பயத்தில் கையெழுத்துப் போட மறுத்து, நோய் இன்னதென்று தெரியாமலே நாள் கடத்துகிற குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

ஸ்கிரப் டைபஸ் என்கிற இந்த நோயை உண்டாக்கும் ஓரியன்ஷியா பாக்டீரியா, ரத்தக்குழாய்களின் உள்சுவரில் இருக்கும் செல்களுக்குள் புகுந்து வளரும். ரத்தக்குழாய் இல்லாத உறுப்பு ஏது? நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், மூளையைச் சுற்றிய உறை என்று எங்கும் அழற்சி வரலாம், மூளை பாதிப்பு பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில்தான் தலைகாட்டும். காய்ச்சலோடு காது மந்தமாவது இந்த நோய்க்கு ஒரு முக்கியமான அடையாளம், அதைக் கேட்டதுமே டாக்டருக்குச் சந்தேகம் வர வேண்டும். சரியான மருந்து கிடைத்தால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் கேட்கும் திறன் திரும்பிவிடுகிறது. ஆனாலும் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

முதலில் போட்ட ஊசி ஏன் கேட்கவில்லை என்றால், வழக்கமாக மூளைக்காய்ச்சலுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகள் இந்தக் கிருமியிடம் வேலை செய்யாது. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். கொடுத்தால் பலருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியே கொடுப்பதே ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. முதுகு நீரைப் பார்த்தால் காசநோய் மூளைக்காய்ச்சல் மாதிரியே இருக்கும், இதைத் தவறவிட்டால் ஒரு வாரத்தில் தீர வேண்டிய நோய்க்கு மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்க நேரிடும்.

அதனால்தான் உடம்பைத் தேடிப் பாருங்கள் என்கிறேன். பூச்சி கடித்த இடத்தில் பீடி சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம் என்று மறைவான இடங்களில்தான் அதிகம். ஆண் டாக்டரிடம் காட்டப் பெண்கள் கூச்சப்படுகிறார்கள், மகளோ மருமகளோ நர்ஸோ பார்த்துச் சொன்னால் போதும். பொருக்கு இல்லாதவர்களுக்கும் இந்த நோய் இருக்கலாம், அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு.

கேள்வி: நாங்கள் எருமையும் ஆடும் வைத்திருக்கிறோம். மாட்டு உண்ணியால் இது வருமா? ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுமா?
- வாசகர், அந்தியூர்

பதில்: மாட்டு உண்ணி இதைப் பரப்புவதில்லை, ஒட்டவும் ஒட்டாது. புல்லிலும் புதரிலும் எலிகள் திரியும் வரப்போரங்களிலும் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சுதான் கடிக்கிறது, கண்ணுக்குத் தெரிவதே கடினம். நம் பக்கம் மழையும் குளிரும் உள்ள மாதங்களில் அதிகம் பார்க்கிறோம். சோளத்தட்டு அறுக்கப் போனால் முழுக்கைச் சட்டை போடுங்கள், வந்ததும் குளித்துத் துணியைத் துவைக்கப் போடுங்கள். தடுப்பூசி இன்னும் இல்லை.

கேள்வி: டாக்சிசைக்ளின் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?
- வாசகர், பொள்ளாச்சி

பதில்: வேண்டாம். டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு எல்லாமே முதல் நாட்களில் ஒரே மாதிரிதான் இருக்கும். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து, பொதுவாக அசித்ரோமைசின், தர வேண்டும். ஐந்து நாள் தாண்டியும் காய்ச்சல் விடவில்லை என்றால், அல்லது அதற்கு முன்பே தலைவலி, தடுமாற்றம், மூச்சுத் திணறல் வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போய் “தோட்ட வேலை செய்கிறவர், உண்ணிக்காய்ச்சலா என்று பாருங்கள்” என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.