விடுதியின் உட்கதவு – கடிதம்

அன்புள்ள ஐயா,

நானும் கணவரும் ஆறு அறைகள் கொண்ட சிறு விடுதி நடத்துகிறோம். கீழ்த்தளத்தின் பின்பகுதியில்தான் எங்கள் வீடு. 'உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க' என்று சொல்லித்தான் சாவியைக் கொடுப்போம். நினைத்தும் கொள்கிறார்கள்! நள்ளிரவில் போர்வை கேட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். கேட்காமல் சமையலறைக்குள் வருகிறார்கள். வாடிக்கையாக வரும் ஒருவர் காலி செய்யும் நேரம் தாண்டியும் மதியம்வரை படுத்திருக்கிறார். கறாராகப் பேசினால் இணையத்தில் மோசமாக எழுதிவிடுவார்களோ என்று பயம். எங்கே கோடு போடுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

முதலில் அந்த வாசகத்தை விட்டுவிடுங்கள். தன் வீட்டுச் சமையலறைக்குள் யாராவது கேட்டுக்கொண்டா போவார்கள்?

சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1949 முதல் 1951 வரை ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் ஆய்வு செய்தபோது, அங்கிருந்த சிறு ஹோட்டல் ஒன்றைக் கூர்ந்து கவனித்தார். அங்கே ஓயாத தகராறு சமையலறைக் கதவைப் பற்றித்தான். தட்டுகளைத் தூக்கிச் செல்லும் பணிப்பெண்களுக்கு அது திறந்திருக்க வேண்டும். உள்ளே எப்படிப் புழங்குகிறோம் என்பது விருந்தினர் கண்ணில் படக் கூடாது என்று நடத்துபவர்களுக்கு அது மூடியிருக்க வேண்டும். பிறர் பார்க்க நடந்துகொள்ளும் இடம் முன்மேடை, பார்வை படாமல் இயல்பாக இருக்கும் இடம் பின்மேடை என்று அவர் விரித்தெழுதிய கருத்துக்கு அந்தக் கதவும் ஓர் உதாரணம். உங்கள் நிலைமை இன்னும் சிக்கல். பின்மேடையிலேயே தூங்கவும் செய்கிறீர்கள். அலுப்பாக இருக்க, சிடுசிடுக்க உங்களுக்கும் ஓர் இடம் வேண்டாமா? அது இல்லாவிட்டால் சிடுசிடுப்பு வரவேற்பறைக்கு வந்துவிடும். விடுதியிலிருந்து உங்கள் வீட்டுக்குள் வரும் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். 'உள்ளே வராதீர்' பலகை வேண்டாம். பலகையை யாரும் படிப்பதில்லை, படிப்பவர்களுக்கோ கோபம் வருகிறது.

இரவுத் தட்டல்களில் பாதிக்கு மேல் நம் ஏற்பாட்டுக் குறைதான் என்பது என் எண்ணம். கூடுதல் போர்வை அறை அலமாரியிலேயே இருந்தால் விருந்தினர் ஏன் மாடியிறங்கி வருகிறார்? பிளாஸ்க்கில் வெந்நீர், வைஃபை கடவுச்சொல், வாசல் கதவைத் திறக்கும் முறை எல்லாம் படுக்கப் போகுமுன் அவர் கைக்குப் போய்விட வேண்டும். சாவி கொடுக்கும்போதே, 'பத்து மணிக்கு மேல் அவசரம் என்றால் மட்டும் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்' என்று சொல்லுங்கள். எது அவசரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: உடம்பு சரியில்லை, தண்ணீர் ஒழுகுகிறது, பூட்டு திறக்கவில்லை. அப்படி அழைத்தால் முகம் சுளிக்காமல் ஓடுங்கள்.

இணையத்தில் எழுதுவார்களே என்கிறீர்கள். பணம் கட்டும்முன் கேட்ட நிபந்தனை யாரையும் அவ்வளவாக உறுத்துவதில்லை. வந்து இறங்கியபின் முதல்முறையாகக் கேட்பதுதான் உறுத்தும். ஆகவே நேரக் கட்டுப்பாடுகளைப் பதிவை உறுதிசெய்யும் செய்தியிலேயே எழுதிவிடுங்கள், நாலே வரியில்.

வாடிக்கையாக வரும் அந்த ஒருவர்தான் கஷ்டம். பழகிய முகம், கேட்க நா எழாது. ஆனால் அவர் மதியம்வரை படுத்திருப்பது உங்கள் கணக்கில் அல்ல, சுத்தம் செய்யாத அறைக்கு வெளியே பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் அடுத்த விருந்தினர் கணக்கில். இதையே அவரிடம் சொல்லலாம். 'முதலாளி ஒத்துக்க மாட்டார்' என்ற பொய் வேண்டாம், முதலாளி நீங்கள்தான் என்று அவருக்குத் தெரியும். 'பெட்டியை இங்கே வைத்துவிட்டுப் போய் வாருங்கள். அறையே வேண்டுமென்றால் அரை நாள் வாடகை ஆகும்' என்று அடுத்த முறை அவர் முன்பதிவுக்கு அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். கணவரிடமும் பேசி வையுங்கள். நீங்கள் மறுத்ததை அந்த விருந்தினர் அரை மணி நேரத்தில் உங்கள் கணவரிடம் போய்க் கேட்பார்.